கரைக்கும் கப்பலுக்கும் இடையே: மாற்றுத்திறன் குழந்தைகளோடு ஒரு கடற்பயணம்

பெங்களூர் ஈஜிபுராவிலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 350 கிலோமீட்டர். இந்தப் பகுதித் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு வேலூர், கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை என்று கடலில்லாத ஊர்களே பூர்வீகம். கடல் என்றால் மெரினாவில் ஒரு மாலைப் பொழுது, இல்லையென்றால் வேளாங்கண்ணிக்குப் போன வருடம் கால் நனைத்தது. வீட்டில் நடக்க முடியாத, பேச்சு வராத, வலிப்பு வரும் பிள்ளை ஒன்று இருந்துவிட்டால் அந்தக் கடலும் இல்லை. "நீங்க எல்லாம் போய்ட்டு வாங்க, நான் இவனப் பாத்துக்கறேன்" என்று யாராவது ஒருவர், பெரும்பாலும் அம்மா, சில வீடுகளில் பாட்டி, பின்தங்கிவிடுவார். அந்த வீட்டுச் சுற்றுலாப் படங்களில் எப்போதும் இரண்டு பேர் இருக்க மாட்டார்கள்.

சென்னையிலிருந்து உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கிய பிறகு சிகிச்சை மையங்களின் காத்திருப்பு அறைகளில் ஒரு கேள்வி எழத் தொடங்கியிருக்கிறது: இவர்களையும் கூட்டிக்கொண்டு கப்பலில் போக முடியுமா? முடியும் என்பதே என் பதில். ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற நீச்சல் குளம், நாடக அரங்கம், பஃபே மேசை ஆகியவற்றைப் பார்த்து எடுக்கிற முடிவு இது இல்லை. கப்பலுக்குள் போய்விட்டால் பாதிக் கஷ்டம் தீர்ந்துவிடுகிறது. கரையிலிருந்து கப்பலுக்கு ஏறும் அந்தச் சில மீட்டர்களும், கேபினிலிருந்து குளியலறைக்குப் போகும் அந்த ஒரு படியும்தான் பயணத்தை ஆக்கவும் கெடுக்கவும் செய்கின்றன.

முதலில் கப்பலுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடலாம். டெம்போ டிராவலரில் ஊட்டிக்கோ மூணாறுக்கோ போன குடும்பங்களுக்கு ஒன்று தெரியும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு டயப்பர் மாற்ற, படுக்க வைக்க ஓர் இடம் வேண்டும். நெடுஞ்சாலைக் கழிப்பறைகளில் அது கிடையாது. வண்டியின் பின் சீட்டில், திரைக்குப் பதிலாகத் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டுதான் அந்த வேலை நடக்கும். கப்பலில் சொந்தக் கட்டில் லிஃப்டில் ஐந்து நிமிடத் தொலைவில் இருக்கிறது. பெட்டியை ஒருமுறை பிரித்தால் போதும். விடிந்தால் வேறு ஊர், ஆனால் அதே படுக்கை, அதே ஜன்னல், பல கப்பல்களில் அதே மேசை, அதே பரிமாறுபவர். இடமாற்றத்தைத் தாங்காத ஆட்டிசப் பிள்ளைக்கு இது எவ்வளவு பெரிய சலுகை என்பது, புது ஓட்டல் அறையில் விடிய விடிய அழுத பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவர்களுக்குத் தெரியும். இரைச்சல் தாங்கவில்லையென்றால் எழுந்து அறைக்குப் போய்விடலாம். மொத்தக் குடும்பமும் திரும்ப வேண்டியதில்லை. வீட்டில் எப்போதும் இரண்டாம் இடத்தில் இருக்கிற அண்ணனுக்கோ தங்கைக்கோ அம்மாவின் கண்ணெட்டும் தூரத்தில் தனக்கென்று ஒரு மாலை கிடைக்கும்.

இந்தியக் கடலில் இந்தத் தொழில் இன்னும் இளசு. 2011இல் சென்னையிலிருந்து 'அமெட் மெஜஸ்டி' ஓடத் தொடங்கியது, நிலைக்கவில்லை. 2019இல் மும்பையில் ஜலேஷ் நிறுவனத்தின் 'கர்ணிகா' வந்தது. பெருந்தொற்று அதை முடித்துவைத்தது. 2021 செப்டம்பரில் கோர்டிலியா நிறுவனம் 'எம்ப்ரஸ்' என்ற கப்பலை மும்பையிலிருந்து ஓட்டத் தொடங்கி, 2022 ஜூனில் சென்னைக்குக் கொண்டுவந்தது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்தார். சூதாட்ட அரங்கம் பற்றிய சர்ச்சையில் அந்த ஆண்டு புதுச்சேரி அனுமதி மறுத்தது தனிக் கதை. 2023 ஜூனில் சென்னைத் துறைமுகத்தில் 17.21 கோடி ரூபாயில் அமைந்த பயணியர் முனையம் திறக்கப்பட்டு, அதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போனது.

அந்தக் கப்பலின் வயதைக் கவனிக்க வேண்டும். 1990இல் பிரான்சின் சாந் நசேர் கட்டுந்துறையில் 'நார்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரோடு பிறந்தது அது. அமெரிக்காவின் மாற்றுத்திறனாளர் சட்டம் கையெழுத்தானது அதே ஆண்டு ஜூலை 26ஆம் தேதி. அதாவது, கப்பலின் வரைபடம் போடப்பட்டபோது சக்கர நாற்காலிக்கு இடம் விட்டாக வேண்டும் என்று சொல்லும் அந்தச் சட்டம் இன்னும் வரவில்லை. பிறகு பலமுறை புதுப்பித்திருக்கிறார்கள். ஆனால் கப்பலில் இரும்புச் சுவரைத் தள்ளிவைப்பது வீட்டில் செங்கல் சுவரை இடிப்பது போன்றதல்ல. அந்தத் தலைமுறைக் கப்பல்கள் பலவற்றில் சாதாரணக் கேபினின் கதவு 23 அங்குலத்தை ஒட்டித்தான் இருக்கும். நம்மூர் மடக்கு நாற்காலியின் வெளி அகலமே 24 அங்குலத்துக்குமேல். குளியலறைத் தண்ணீர் வெளியே வராமலிருக்க வாசலில் ஒரு சாண் உயரத் தடுப்பும் இருக்கும். அணுகல் வசதி என்று குறித்த கேபின்களில் மட்டும்தான் 32 அங்குலக் கதவு, தடுப்பில்லாத குளியலறை, உட்கார்ந்து குளிக்கும் இருக்கை. அவை ஒரு கப்பலில் சொற்பம். அதனால் அவைதான் முதலில் தீரும். தேதியை முடிவு செய்துவிட்டுக் கேபின் தேடுவது சாதாரணக் குடும்பங்களின் வழக்கம். இந்தக் குடும்பங்கள் கேபினைப் பிடித்துவிட்டுத் தேதியை முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடத்தில் நம் வீடுகளுக்கே உரிய ஒரு பதில் வரும்: "பரவாயில்ல, தூக்கிக்கலாம்."

ஈஜிபுராவின் பழைய சந்துகளில் இருபதுக்கு முப்பது மனையில் மூன்று மாடி எழுப்பிய வீடுகள் ஏராளம். லிஃப்ட் கிடையாது, மாடிப்படி ஓர் ஆள் ஏறும் அகலம். பிள்ளையைத் தூக்கித்தான் இறக்குகிறார்கள். 2017இல் தொடங்கிய ஈஜிபுரா மேம்பாலத்தின் இரண்டரைக் கிலோமீட்டர் வேலை ஆண்டுக்கணக்கில் இழுத்தபோது, தோண்டிப் போட்ட நடைபாதையைத் தாண்டி ஆட்டோ பிடிக்கவும் தூக்கித்தான் போனார்கள். ஆட்டோவில் ஏற்றுவது, ரயிலில் ஏற்றுவது, கோயில் படி, மாதா கோயில் படி, கல்யாண மண்டபம் எல்லாம் அப்படித்தான். இந்தியாவில் மாற்றுத்திறன் குழந்தைகளின் போக்குவரத்து என்பது பெற்றோரின் முதுகெலும்பில் நடக்கிற சேவை. எங்கும் சாய்தளம் இல்லாததை யாரும் கவனிக்காமல் போனதற்கு இந்த முதுகுகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். பிள்ளைக்கு எட்டு வயது, இருபத்தைந்து கிலோ ஆகும்வரை இது நடக்கும். அதற்குமேல் அப்பாவுக்கு இடுப்பு வலி, அம்மாவுக்கு டிஸ்க் தேய்வு. பயணம் அங்கே நின்றுவிடும்.

கப்பலில் 'தூக்கிக்கலாம்' செல்லாது. கரைக்கும் கப்பலுக்கும் நடுவே போடும் ஏறுபாலத்தின் சாய்வு கடலின் ஏற்ற இறக்கத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் ஐந்து மீட்டர் வரை ஏறி இறங்கும். காலையில் சமமாக இருந்த பாலம் மாலையில் மாடிப்படியாகும். சென்னையில் அந்த வித்தியாசம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். அந்த வகையில் சக்கர நாற்காலிக் குடும்பத்துக்குச் சென்னைத் துறை இயற்கையாகவே கொஞ்சம் கருணை காட்டுகிறது. ஏறுபாலத்தில் நாற்காலியைத் தள்ளிச் செல்லப் பயிற்சி பெற்ற ஊழியர்கள் இருப்பார்கள். எத்தனை பேர், பேட்டரி நாற்காலியின் எடையைத் தாங்குவார்களா என்பதை முன்கூட்டியே கேட்க வேண்டும்.

துறையைத் தொடாத இடங்கள்தான் உண்மையான சிக்கல். கப்பல் கடலில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகள் சிறு படகில் இறங்கிக் கரைக்குப் போக வேண்டும். லட்சத்தீவு அப்படித்தான். பெரிய கப்பல் அணைய ஆழமில்லாத புதுச்சேரியும் அப்படித்தான். அசைகிற கப்பலிலிருந்து அசைகிற படகுக்குப் பிள்ளையைக் கை மாற்றுவது ஆபத்து. உலகின் பல நிறுவனங்கள் தாமாக இரண்டடி எடுத்து வைக்க முடியாதவர்களை அந்தப் படகில் ஏற்றுவதில்லை. அலை கூடினால் கப்பல் தலைவர் யாரையுமே இறக்க மாட்டார். இதைத் தெரியாமல் லட்சத்தீவுப் பயணம் பதிவு செய்த குடும்பம் தீவைக் கைப்பிடிச் சுவரிலிருந்து பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும். ஒரு பயணத் திட்டத்தைக் கையில் எடுத்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ஒவ்வொரு ஊரிலும் கப்பல் துறையில் அணைகிறதா, படகா என்பதுதான். விலை இரண்டாவது.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம், 'போக்குவரத்து' என்பதன் வரையறையில் சாலை, ரயில், விமானத்தோடு நீர்வழியையும் சேர்த்திருக்கிறது. ஆனால் போக்குவரத்து வசதி பற்றிய 41ஆம் பிரிவுக்கு வந்தால் பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம், விமான நிலையம் என்று மூன்றைப் பெயர் சொல்லிவிட்டுத் துறைமுகத்தை விட்டுவிடுகிறது. 'எல்லா வகைப் போக்குவரத்தும்' என்ற பொதுச் சொல்லுக்குள் கப்பல் ஒண்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அங்கேயும் தொழில்நுட்பத்தில் இயலும் இடத்தில், செலவு தாங்கும் அளவில், கட்டமைப்பைப் பெரிதாக மாற்றாமல் என்று விதிவிலக்குகள். முப்பது வயது தாண்டிய கப்பலுக்கு இந்த மூன்றுமே வசதியான கவசம்.

துறைவாரியாக வழிகாட்டு நெறிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றின் நிலை என்ன என்பதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8ஆம் தேதி ராஜீவ் ரதூரி வழக்கில் தெளிவாகச் சொன்னது: வெறும் பரிந்துரையாக நிற்கிற நெறிகளை வைத்துக்கொண்டு சட்டத்தின் கட்டாயத்தை நிறைவேற்ற முடியாது, மீறவே முடியாத அடிப்படை விதிகளைத் தனியாக வகுக்க வேண்டும். ரதூரி இந்த மனுவைப் போட்டது 2005இல். அன்று பிறந்த பிள்ளை தீர்ப்பு வந்தபோது வாக்காளர்.

விமானத்தில் நடந்ததைப் பார்த்தால் கடலில் என்ன நடக்கக்கூடும் என்று ஊகிக்கலாம். 2012இல் கொல்கத்தாவில், பெருமூளை வாதம் கொண்ட ஜீஜா கோஷை ஸ்பைஸ்ஜெட் விமானத்திலிருந்து இறக்கிவிட்டார்கள். நான்காண்டு கழித்து உச்ச நீதிமன்றம் 10 லட்ச ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. 2022 மே மாதம் ராஞ்சியில், பதற்றத்தில் இருந்த மாற்றுத்திறன் சிறுவன் ஒருவனை இண்டிகோ ஏற்ற மறுத்தது. நாடே கொதித்தது. விமானப் போக்குவரத்து இயக்ககம் 5 லட்சம் அபராதம் விதித்ததோடு, மருத்துவரைக் கேட்காமல் இப்படி மறுக்கக் கூடாது என்று விதியையும் திருத்தியது. விமானத்துக்கு ஒரு கட்டுப்பாட்டு அமைப்பு, எழுதப்பட்ட ஒரு விதி, பெயர் சொல்லிப் புகார் கொடுக்க ஓர் இடம் எல்லாம் இருந்ததால்தான் அது மூன்றே மாதத்துக்குள் நடந்தது. உல்லாசக் கப்பல் பயணிக்கு அந்த அளவு பழகிய கதவு இங்கே இல்லை. நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. மாநில மாற்றுத்திறனாளர் ஆணையர் இருக்கிறார். இரண்டுமே பயணம் கெட்ட பிறகு போகும் இடங்கள்.

வெளிநாடுகளிலும் இது தானாக வரவில்லை. அமெரிக்காவில் நார்வீஜியன் நிறுவனத்தின் மேல் சக்கர நாற்காலிப் பயணிகள் தொடுத்த ஸ்பெக்டர் வழக்கில், வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலானாலும் அமெரிக்க நீரில் நிற்கும்வரை மாற்றுத்திறனாளர் சட்டம் பொருந்தும் என்று 2005 ஜூனில் தீர்ப்பு வந்தது. அதே தீர்ப்பு, கடற்பாதுகாப்பு உடன்படிக்கைக்கு முரணான மாற்றங்களைக் கேட்க முடியாது என்றும் சொன்னது. ஐரோப்பாவில் 2012 டிசம்பரிலிருந்து நடைமுறையில் உள்ள 1177/2010 எண் ஒழுங்குமுறை, மாற்றுத்திறனைக் காரணம் காட்டிப் பயணச்சீட்டு மறுப்பதைத் தடை செய்கிறது. பாதுகாப்பையோ கப்பலின் அமைப்பையோ காரணம் காட்டி மறுத்தால், கேட்ட ஐந்து வேலைநாட்களுக்குள் அதை எழுத்தில் தர வேண்டும். அந்த விதியிலும் ஓர் ஓட்டை: துணைக்கு வருபவர் அவசியம் என்று நிறுவனமே சொன்னால் அவருக்கு இலவசம் என்ற சலுகை சாதாரணப் பயணிகள் கப்பலுக்குத்தான், உல்லாசக் கப்பலுக்கு இல்லை. எனக்கு இந்த ஐரோப்பிய விதியில் பிடித்தது 'எழுத்தில்' என்ற கட்டாயம். அதை நாமே இங்கே பழக்கப்படுத்திக்கொள்ளலாம். ஏஜென்ட் தொலைபேசியில் "எல்லாம் இருக்கு சார், வாங்க" என்பார். கதவின் அகலம், வாசல் தடுப்பின் உயரம், துறையா படகா, பேட்டரி நாற்காலி ஏறுமா, மருந்து வைக்கக் குளிர்பெட்டி கிடைக்குமா என்பவற்றை மின்னஞ்சலில் கேட்டு, கப்பல் நிறுவனத்திடமிருந்தே பதில் வாங்கிய பின்புதான் முன்பணம் கட்ட வேண்டும். அந்த மின்னஞ்சலின் நகல்தான் ஏறுபாலத்தின் முன் நிற்கும்போது கையில் இருக்கிற ஒரே சட்டம்.

இதுவரை சொன்னது பெரும்பாலும் சக்கர நாற்காலியைப் பற்றி. வெளியே தெரியாத மாற்றுத்திறன் வேறு கணக்கு. கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ எல்லோருக்கும் பாதுகாப்புப் பயிற்சி உண்டு. 2012இல் 'கோஸ்டா கன்கார்டியா' இத்தாலியக் கரையில் கவிழ்ந்த பிறகு இதில் விதி இறுகியது. ஏழு குறுஞ்சங்கு, ஒரு நெடுஞ்சங்கு என்று காதைப் பிளக்கும் ஒலி. பிறகு ஒரு கூடத்தில் நூற்றுக்கணக்கானவர் நெருக்கமாக நிற்க வேண்டும். ஒலி தாங்காத ஆட்டிசப் பிள்ளைக்குப் பயணத்தின் முதல் மணி நேரமே இப்படி அமைந்தால் மிச்ச நாட்கள் அறைக்குள்தான். இதைத் தவிர்க்க முடியாது, ஆனால் தயாராகப் போகலாம். அந்த ஒலியை வீட்டிலேயே கைப்பேசியில் மெதுவாகப் பழக்குவது, காதடைப்பான் போட்டுவிடுவது, கூடத்துக்கு முன்னதாகவே போய் ஓரமாக நிற்க அனுமதி கேட்டு வைப்பது ஆகியவை பலன் தரும். உயிர்காப்பு அங்கியையும் பலருக்கு உடம்பில் தாங்க முடியாது. வீட்டில் நீச்சல் அங்கியைப் போட்டு விளையாட்டாகப் பழக்கலாம். நடக்க முடியாத பிள்ளை என்றால், லிஃப்ட் நிற்கும் நிலையில் எந்த ஊழியர் வந்து இறக்குவார் என்பதைப் பெயரோடு கேட்டுக்கொள்ள வேண்டும். முதியோரையும் மாற்றுத்திறனாளரையும் மனத்தில் வைத்துப் பயணிகள் கப்பலை வடிவமைக்கவும் நடத்தவும் வேண்டிய பரிந்துரைகளைப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு 1996இலேயே வெளியிட்டுவிட்டது. அதுவும் பரிந்துரைதான்.

குழந்தைகள் கூடம் பற்றி ஏமாற வேண்டாம். பெரும்பாலான கப்பல்களில் மூன்று வயது தாண்டி, டயப்பர் இல்லாத பிள்ளையைத்தான் சேர்ப்பார்கள். ஒரு பிள்ளைக்கு ஓர் ஆள் என்று கவனிக்க மாட்டார்கள். அமெரிக்காவில் 2007 முதல் 'ஆட்டிசம் ஆன் தி சீஸ்' என்ற அமைப்பு, பயிற்சி பெற்ற பணியாளர்களைக் கூடவே கப்பலுக்கு அனுப்பிக் குடும்பங்களைக் குழுவாகக் கூட்டிச் செல்கிறது. ராயல் கரீபியன் அதனோடு சேர்ந்து மெல்லிய ஒலியில் திரைப்படம், தனி வரிசை போன்றவற்றைக் கொண்டுவந்தது. நம்மிடம் அப்படி ஓர் ஏற்பாடு முளைக்கும்வரை, இந்திராநகர் ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியிலோ லிங்கராஜபுரம் ஏ.பி.டி. மையத்திலோ பழகிய மூன்று நான்கு குடும்பங்கள் ஒன்றாகப் பதிவு செய்வதே சிறந்த வழி என்பது என் கருத்து. ஒரு வீட்டு அப்பா நான்கு பிள்ளைகளோடு மொட்டைத் தளத்தில் இருந்தால், மற்ற மூன்று அம்மாக்கள் சூடு ஆறாத காபி குடிக்கலாம். குழுவாகப் போனால் கப்பல் நிறுவனமும் பேச்சுக்குக் கொஞ்சம் காது கொடுக்கும்.

மருந்து விஷயத்தில் ஒரு குறிப்பு அவசியம். மலைப்பாதைக்கு 'அவோமின்' போடுவது நம் வீடுகளில் சாதாரணம். கப்பலுக்கும் அதையே எடுத்துவைப்பார்கள். அதிலுள்ள ப்ரோமெதசின் வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டலாம் என்ற எச்சரிக்கை உண்டு. வலிப்பு உள்ள பிள்ளைக்கு நிம்ஹான்ஸிலோ செயின்ட் ஜான்ஸிலோ தன் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் எந்தக் குமட்டல் மாத்திரையும் கொடுக்கக் கூடாது. தூக்கம் கெட்டாலும் வலிப்பு வரும் என்பதால், நள்ளிரவு வரை ஆட்டம் பாட்டம் நடக்கும் தளத்துக்கு நேர் கீழே உள்ள கேபினை வாங்கக் கூடாது. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த் தளங்களில் ஆட்டம் குறைவு. மூக்கில் அடிக்கும் மிடசோலம், இரண்டு மடங்கு நாளுக்கான மாத்திரைகள், மருத்துவரின் ஆங்கிலக் கடிதம் ஆகியவை பெட்டியில் போகாமல் கைப்பையில் போக வேண்டும். பெட்டி கேபினுக்கு வந்து சேரப் பல மணி நேரம் ஆகலாம். கப்பலில் மருத்துவர் இருப்பார், குழந்தை நரம்பியல் தெரிந்தவர் இருக்க மாட்டார். நடுக்கடலில் கைப்பேசியும் இயங்காது.

இவ்வளவையும் படித்துப் பயப்படுகிறவர்களுக்கு ஓர் ஒத்திகை உண்டு. பெங்களூரிலிருந்து ஓர் இரவு ரயில் பயணத்தில் கொச்சி. 2023 ஏப்ரலில் அங்கே தொடங்கிய வாட்டர் மெட்ரோவில் மிதக்கும் மேடைகள் நீரோடு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. அதனால் மேடையும் படகும் எப்போதும் ஒரே மட்டத்தில் நிற்கும், சக்கர நாற்காலி உருண்டே உள்ளே போகும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவிலுள்ள சிக்கலைப் பொறியியலால் தீர்த்துவிட முடியும் என்பதற்கு இந்தியாவில் நான் காட்டும் சான்று இதுதான். அரசு நினைத்தது, கொச்சிக் கப்பல் கட்டுந்தளம் கட்டியது. சென்னையில் மெரினா இன்னொரு பாடம். மாற்றுத்திறனாளர் அமைப்புகள் பல ஆண்டுகள் கேட்டு, 2022 நவம்பர் 27இல் 263 மீட்டர் நீள மரப்பாதை 1.14 கோடி ரூபாயில் அலை வரைக்கும் திறக்கப்பட்டது. வாழ்நாளில் முதல்முறை அலையைத் தொட்ட பெரியவர்கள் அன்று அழுதார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் அதன் ஒரு பகுதியைப் பிய்த்துப் போட்டது. பிறகு சீரமைத்தார்கள். கப்பலேறும் முன் ஒரு மாலை இந்தப் பாதையில் பிள்ளையை அழைத்துப் போய், காற்றையும் இரைச்சலையும் உப்பு வாடையையும் அவன் எப்படி எடுத்துக்கொள்கிறான் என்று பார்த்துவிடலாம்.

செலவு பற்றிச் சுருக்கமாக. விளம்பரத்தில் வரும் தொகை இருவர் பகிர்வு அடிப்படையில் ஒரு தலைக்கு. துறைமுகக் கட்டணமும் வரியும் தனி. துணையின்றிப் பயணிக்க முடியாத பிள்ளைக்கும் உடன் செல்பவருக்கும் ரயிலில் தூங்கும் வகுப்பு, மூன்றாம் ஏ.சி.யில் 75 சதவீதம் சலுகை உண்டு. கப்பலில் அப்படி எதுவும் இல்லை. தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் வரை. கடலிலிருந்து ஹெலிகாப்டரில் இறக்க வேண்டி வந்தால் அது எம்மாத்திரம். பயணக் காப்பீட்டில் 'முன்பே இருந்த நோய்' என்ற வரியைப் படிக்காமல் கையெழுத்திடக் கூடாது. மாற்றுத்திறனாளருக்கென்று ஒரு மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாவது வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் 2023இல் நிறுவனங்களுக்குச் சொல்லியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கலாம். கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் சிங்கப்பூர் வழியையும் யோசிக்கலாம். அங்கிருந்து ஓடும் 'ஜென்டிங் ட்ரீம்' 2016இல் கட்டியது. 'எம்ப்ரஸ்' கப்பலைப்போல் மும்மடங்கு பெரியது, ஆகவே ஆட்டமும் குறைவு. விமானக் கட்டணமும் பாஸ்போர்ட், விசா அலைச்சலும் அதற்கான விலை.

"சிகிச்சைக்கே பணம் பத்தல, இதுல கப்பலா?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. மாதா மாதம் பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி, சிறப்புப் பள்ளிக் கட்டணம் என்று போகிற வீட்டில் இது ஆடம்பரமாகத்தான் தெரியும். ஆனால் மற்றப் பிள்ளைகளைக் கோவாவுக்குக் கூட்டிப் போகும்போது யாரும் இப்படிக் கேட்பதில்லை. இந்தியா 2007 அக்டோபரில் ஏற்புறுதி செய்த ஐ.நா. உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு மற்றப் பிள்ளைகளோடு சமமான இடத்தைக் கேட்கிறது. சிகிச்சை முடிந்த பிறகு என்று அதில் எழுதியிருக்கவில்லை. பெருமூளை வாதத்துக்குச் சிகிச்சை முடிவதும் இல்லை.

கடைசியாக நாட்காட்டி. மேற்குக் கடற்கரையில் பருவமழை பிடிக்கும்போது, அதாவது ஜூன் முதல் செப்டம்பர் வரைதான், கப்பல் சென்னைப் பக்கம் வருவது வழக்கம். கர்நாடகப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை ஏப்ரல், மே. தசரா விடுமுறை வருவதற்குள் கப்பல் மும்பைக்குத் திரும்பத் தொடங்கியிருக்கும். மும்பை என்றால் அந்த ஐந்து மீட்டர் ஏற்ற இறக்கம். ஆக, சென்னைத் துறை வேண்டுமென்றால் ஜூலை, ஆகஸ்டில் பள்ளி நாளில் இரண்டு மூன்று நாள் எடுத்தாக வேண்டும். முதல் முறைக்கு இரண்டு இரவுப் பயணம் போதும். சிறப்புப் பள்ளி ஆசிரியைகள் இதற்கு மறுப்பதில்லை, போய் வந்து படம் காட்டச் சொல்வார்கள். ஜூலையில் அப்பாவின் அலுவலகத்தில் மூன்று நாள் விடுப்பு வாங்குவதுதான் பெரும்பாடு.